தங்கச்சியின் சின்ன டப்பா

என் தங்கச்சிக்கு மூன்று வயதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. இன்னொன்று நான் வைத்தது. வீட்டுக்கு வந்தவர்கள் குனிந்து, "உன் பேரு இன்னா கண்ணு?" என்று கேட்டால் நான் வைத்ததைத்தான் சொல்வாள். "முதலை" என்பாள். சந்தேகம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல முழங்கையைத் திருப்பியும் காட்டுவாள். அங்கே தோல் தடித்து, வறண்டு, செதில் செதிலாக இருக்கும். வந்தவர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா என்னைத் தேடுவாள். நான் அதற்குள் தெருமுனைக்குப் போயிருப்பேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆம்பூரில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, அதன் மூலையில் சமையல், சந்துப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல், சந்தின் கடைசியில் ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குளியலறை. அப்பா ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தார். தைத்து, ஒட்டி வருகிற ஷூவுக்குக் கடைசியாக க்ரீம் போட்டு, துணியால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிப் பெட்டிக்கு அனுப்புவது அவர் வேலை. தன் கை படாமல் ஒரு ஜோடிகூட கப்பல் ஏறாது என்று பெருமை பேசுவார். அந்த க்ரீமின் மெழுகு வாசனை அவர் சட்டையிலும் தலைமுடியிலும் எப்போதும் இருக்கும். சாயங்காலம் சந்துக்குள் அவர் நுழைவதற்கு முன்னால் வாசனை நுழையும்.

தங்கச்சிக்கு ஆறு மாதத்திலேயே கன்னத்தில் சிவந்து பொரிய ஆரம்பித்தது. பிறகு கை மடிப்பு, கால் மடிப்பு, கழுத்து. பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மாவை நாங்கள் காலா என்று கூப்பிடுவோம். அவர்கள் வீட்டு உருதில் பெரியம்மா, சித்தியை அப்படித்தான் சொல்வார்கள். காலா வந்து பார்த்து, இது கரப்பான், பச்சிக்கு, அதாவது குழந்தைக்கு, கத்திரிக்காயைக் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்று தீர்ப்புச் சொன்னார். ஆம்பூரில் கத்திரிக்காயைக் குற்றவாளி ஆக்குவது லேசான காரியம் இல்லை. பிரியாணி போகிற இடமெல்லாம் அதுவும் கூடவே போகும். ஆனாலும் ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்குள் கத்திரிக்காய் வரவில்லை. பிறகு கருவாடு நின்றது. பிறகு தக்காளி. தங்கச்சி மட்டும் சொறிவதை நிறுத்தவில்லை.

கடைசியில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா பரிசோதனையெல்லாம் செய்து, இது எக்ஸிமா, கூடவே முட்டையும் வேர்க்கடலையும் இவளுக்கு அலர்ஜி என்றார். கத்திரிக்காய் நிரபராதி. அதனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் போட்டாற்போல எல்லாம் மாறியது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷக் குளியல், அதற்குமேல் கூடாது. துடைக்கும்போது தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஈரம் காய்வதற்குள் மருந்து. நகத்தை வாரம் இரண்டு முறை வெட்ட வேண்டும். அப்பாவின் பழைய பனியன்களை வெட்டி அம்மா அவளுக்குச் சட்டை தைத்தாள். முட்டை வாங்குவது நின்றது. ஒடுகத்தூர் மாமா அறுவடை முடிந்து வழக்கம்போல ஒரு மூட்டை வேர்க்கடலையோடு பஸ் ஏறி வந்தபோது, அவரை உள்ளே விட்டு மூட்டையை காலா வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமாவுக்கு அது கொஞ்சம் பேஜாராகத்தான் இருந்தது. நான் வெளியில் ஆம்லெட் தின்றுவிட்டு வந்தால் வாயை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அம்மா உள்ளே விடுவாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு டப்பா கொடுத்திருந்தார்கள். பெரிய டப்பா வறட்சிக்கு. அதை எவ்வளவு வேண்டுமானாலும் பூசலாம். சின்ன டப்பாதான் மருந்து. சிவந்த இடத்தில் மட்டும், மெல்லிசாக, சொன்ன நாள் வரைக்கும் மட்டும். அதை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

இவ்வளவும் அம்மாவின் வேலை என்றால், அப்பாவின் வேலை ஒன்றே ஒன்று. ஆறேகாலுக்கு வந்ததும் சாப்பாட்டுப் பையை வாசலில் வைப்பார். தங்கச்சி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுவாள். முகம்கூடக் கழுவாமல் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளம் வரைக்கும் நடந்து, ஒரு ரயிலைக் காட்டிவிட்டுத் திரும்புவார். நாள் முழுக்க ஓயாமல் பிறாண்டிக்கொண்டிருந்த கை, அந்த நேரத்தில் மட்டும் அப்பாவின் காலரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். பல நாள் தோளிலேயே தூங்கிப்போய்த் திரும்பி வருவாள்.

மூன்று மாதத்தில் அவள் தேறிவிட்டாள். செதில் போனது. போன இடத்தில் தோல் மற்ற இடத்தைவிட வெளுத்துத் தெரிந்தது. முழங்கை மடிப்பில் இரண்டு வெள்ளைத் திட்டு, கன்னத்தில் ஒன்று. புண் ஆறின இடம் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சின்ன டப்பா மருந்து எங்கே படுகிறதோ அங்கே தோல் வெள்ளையாகிறது.

இந்தக் கண்டுபிடிப்பு வந்த நேரமும் அப்படி. பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நாடகம். ராஜா வேஷத்துக்கு வசனத்தை முழுதாக ஒப்பித்தவன் நான் ஒருவன்தான். ஆனால் ராஜா கலராக இருக்க வேண்டும் என்று சொல்லி, வசனத்தில் பாதியை முழுங்குகிற ஒருவனுக்கு அதைக் கொடுத்துவிட்டு எனக்கு வாயிற்காவலன் வேஷம் கொடுத்தார்கள். நான் அப்பா கலர். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

காலையில் அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும் நேரத்தில் சாமி படத்துக்குப் பின்னால் கை விடுவேன். முதலில் ஒரு விரல். கன்னம் மட்டும். நெற்றியை விட்டால் நன்றாக இருக்காது என்று பிறகு நெற்றி. முகம் மட்டும் வெளுத்தால் மாட்டிக்கொள்வேன் என்று கழுத்து. ராஜா கையைத் தூக்கி வசனம் பேசுவார் என்பதால் கையும். மெல்லிசாகப் பூச வேண்டும் என்கிற சட்டம் தங்கச்சிக்குத்தானே. ஒரு வாரத்தில் டப்பாவின் அடி தெரிந்தது.

அந்த வாரம் பார்த்து தங்கச்சிக்குக் கை மடிப்பில் லேசாகத் திரும்பவும் சிவந்தது. பனிக்காலம் வந்தால் அப்படி வரும். இரண்டு நாள் மருந்து போட்டால் அடங்கிவிடும். அம்மா நாளையிலிருந்து சின்ன டப்பாவை எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். 

எங்கள் வீட்டில் ஒரு ஊறுகாய் பாட்டிலில் வெள்ளை க்ரீம் இருந்தது. கம்பெனியில் எல்லா நிற ஷூவுக்கும் போடுகிற க்ரீம். அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் என் பள்ளிக்கூட ஷூவுக்குப் போடுவார். ஷூவும் கம்பெனியில் கழித்துவிட்டதுதான். ஆனால் அப்பா தேய்த்துக் கொடுத்தால் வகுப்பிலேயே என் ஷூதான் மின்னும். சின்ன டப்பா மருந்தும் வெள்ளை, இதுவும் வெள்ளை. இதுவும் தோலுக்குப் போடுவதுதான். பூசினால் தோல் மெத்தென்று ஆகிறது, வெடிப்பு மறைகிறது. இரண்டு கரண்டி எடுத்து, டப்பாவில் மிச்சம் இருந்த மருந்தோடு கலக்கி, மேலே விரலால் வழித்துச் சமன் செய்து வைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. இருந்தது.

மூன்றாம் நாள் தங்கச்சியின் இரண்டு கையும் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி ஆகிவிட்டன. சிவப்பு மேலே ஏறி, கழுத்துக்கு வந்து, நீர் கோர்த்துக் கசிய ஆரம்பித்தது. அம்மா என் பழைய சாக்ஸை அவள் கைகளில் மாட்டி நூலால் கட்டினாள். தங்கச்சி சாக்ஸோடு சுவரில் தேய்த்துக்கொண்டாள். வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு அப்போது ஒரே வார்த்தைதான் தெரியும். "கடிக்குது, கடிக்குது" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என்னிடமும் வந்து கையை நீட்டிச் சொன்னாள். முதலையை யாராவது கடிக்க முடியுமா என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் கிண்டலுக்கு அவள் சிரிக்காதது அதுதான் முதல் முறை.

பாசத்தில் அம்மா ஒருநாளைக்கு மூன்று முறை சின்ன டப்பாவை எடுத்தாள்.

சாயங்காலம் அப்பா வந்து அவளைத் தூக்கினார். தோளில் சாய்த்தவர் நின்றுவிட்டார். அவள் கையை மெல்லப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். கழுத்தை மோந்து பார்த்தார். நான் அடுப்பு மூலையில் சுவரோடு சுவராக நின்றிருந்தேன். எத்தனை வருஷமாக அந்த க்ரீமோடு இருக்கிறவர். இதோ இப்போது ஊறுகாய் பாட்டிலைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் தன் கையைத்தான் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளை இறக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"எம் மேல இருக்கிற வாசனைதான் புள்ள மேலயும் அடிக்குது. என்னாலதான் வந்திருக்குது இது."

"இத்தினி நாளா தூக்கலியா நீங்க? அப்பல்லாம் வரலியே" என்றாள் அம்மா.

"அப்ப வரல. இப்ப ஜாஸ்தியாயிட்டிருக்கும்."

  மறுநாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு, வேலூருக்குப் போக வேண்டும், பை எடுத்து வை என்றாள். அதைத் தட்டாமல் செய்தேன். அது மட்டுமில்லை, டப்பாவில் கொஞ்சம்தான் இருக்கிறது, புதிதாக வாங்கிவிடலாம் என்று சொல்லி, சின்ன டப்பாவை எடுத்துப்போய் வழித்துப் போட்டு, சோப்புப் போட்டு, வெயிலில் காயவைத்தும் கொடுத்தேன். தங்கச்சி மேல் இவனுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று அம்மா காலாவிடம் சொன்னாள். காலா என் தலையைத் தொட்டு வாழ்த்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வீட்டில் புது சோப்பு, புது பவுடர் ஏதாவது வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அப்பா முன்னால் வந்து, தான் ஷூ கம்பெனி என்றும் க்ரீம், ஒட்டுகிற சொல்யூஷன் எல்லாம் கையில் படும் என்றும் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி சொன்னார். டாக்டரம்மா அவரையே காரணம் என்று சொல்லவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் வேலை முடிந்து வந்ததும் குளித்து, துணி மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள் என்றார். பிறகு அவர் கண் என் மேல் விழுந்தது. என் வாயைச் சுற்றியும் கன்னத்திலும் ஒரு வாரமாகப் பொரிப்பொரியாகப் பருக்கள் வந்திருந்தன.

"தம்பி, மூஞ்சியில என்ன போடற?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சாக்ஸ் மாட்டின கையோடு தங்கச்சியும் பார்த்தாள்.

"பவுடர்" என்றேன்.

"போடாத" என்றுவிட்டு அவர் எழுத ஆரம்பித்தார்.

குளித்துவிட்டுத் தூக்கலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். அப்பாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. அவர் கம்பெனியிலிருந்து வந்து வீட்டுக்குள் நுழையாமல் நேராகச் சந்தின் கடைசிக்குப் போய்க் குளிப்பார். நகத்தைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பார். வேறு லுங்கி, வேறு பனியன். அப்படி வந்தும் தங்கச்சி கையைத் தூக்கினால் நாலடி தள்ளி நின்றுகொண்டு, "அப்பா அழுக்கு கண்ணு, நாளைக்கு" என்பார். மறுநாளும் அதையே சொல்வார். அவள் கொஞ்ச நாள் அழுதாள். பிறகு கையைத் தூக்குவதை விட்டுவிட்டாள். ஒடுகத்தூர் மாமா வந்து அப்பா எங்கே என்று கேட்டபோது, "அப்பா அழுக்கு" என்று பதில் சொன்னாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

புது டப்பா மருந்தில் பத்தே நாளில் அவள் கை தெளிந்தது. அதுதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. பார்த்தீர்களா, அவர் தொடாமல் இருந்ததும் போய்விட்டது என்று அம்மாவே எல்லோரிடமும் சொன்னாள். அப்பா கம்பெனியில் கேட்டு, ஃபினிஷிங்கை விட்டு அட்டைப்பெட்டி குடோனுக்கு மாறிக்கொண்டார். அங்கே க்ரீமும் கிடையாது, பளபளப்பும் கிடையாது. பெட்டியை மடித்து, அடுக்கி, கட்ட வேண்டும். அதற்குப் பிறகு கப்பல் ஏறுகிற ஷூவைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஆண்டு விழாவில் நான் வாயிற்காவலனாகவே நின்றேன். மேடைக்குப் பின்னால் ராஜா, மந்திரி, காவலன் என்று பாராமல் எல்லோர் முகத்திலும் ஒரே பவுடரை அப்பி எல்லோரையும் வெள்ளையாக்கித்தான் மேடையில் ஏற்றினார்கள்.

இப்போது எனக்கு இருபத்து மூன்று. பத்தாம் வகுப்போடு படிப்புக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஏறுகிறவர் யாராக இருந்தாலும் இறங்குவதற்குள் நாலு கிண்டலாவது செய்யாமல் விடமாட்டேன். தங்கச்சி பிளஸ் ஒன் படிக்கிறாள். பனிக்காலத்தில் கொஞ்சம் அரிக்கும், தானே பார்த்துக்கொள்வாள். முட்டை இப்போது ஒத்துக்கொள்கிறது, கடலை இன்னும் ஆகவில்லை. அப்பா அவளிடம் எதையும் கையில் கொடுக்கமாட்டார். ஹால் டிக்கெட்டோ, சாவியோ, மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். அவள் எடுத்துக்கொள்வாள். அப்பா அப்படித்தான், கூச்ச சுபாவம் என்று அவள் தோழிகளிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு முறை சொல்லிவிடலாம் என்று அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் ஏதோ ஜோக் அடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆனால் க்ரீம் கலந்ததைக்கூட, பத்து வயது, புத்தி இல்லை என்று ஏதாவது சொல்லி ஒருவேளை ஒப்பேற்றிவிடலாம். சொல்லவே முடியாதது வேறொன்று.

புது டப்பா வந்த அந்த வாரத்தில்தான் அது. சாயங்காலம் தங்கச்சியைக் குளிப்பாட்டி, ஜன்னலோரம் பாயில் உட்காரவைத்து, அம்மா மருந்து பூசுவாள். அப்பாவும் அந்நேரத்துக்குக் குளித்து முடித்து, தலை சொட்டச் சொட்ட வந்து, சந்தில் நின்றபடி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.  அம்மா பூசி முடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போவார்.  அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, டப்பாவைத்தான் பார்க்கிறார், வாசனை பிடிக்கத்தான் ஜன்னலுக்கே வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முதல் நாள் டப்பாவை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் கொசு வருகிறது என்று சொல்லி ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினேன். அவர் திறந்திருந்த பக்கத்துக்கு நகர்ந்து நின்றார். மூன்றாம் நாள் எனக்குச் சரியான வார்த்தை கிடைத்தது.

"உன் வாசனை உள்ள வருதுப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். பிறகு வெளியிலிருந்து அவரே கையை நீட்டி, சத்தம் வராமல் இரண்டு கதவையும் சாத்தினார்.

மறுநாள் அவர் ஜன்னலுக்கு வரவில்லை. தப்பித்துவிட்டோம் என்று அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.